பத்து கோடி வருஷம் கிடந்தது, பத்தே வேனில் காலி!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பயணக் கட்டுரை இல்லை. விக்கிரவாண்டியில் எந்தக் கடையில் காபி நன்றாக இருக்கும், பெரம்பலூரில் பரோட்டா எங்கே சாப்பிடலாம் என்று தெரிந்துகொள்ள வந்திருந்தால் மன்னிக்கவும். இது சண்டை. "தமிழ்நாட்டிலேயே ஒரு கிராண்ட் கேன்யன், டைனோசர் வாழ்ந்த பாலைவனம், வீக்கெண்டுக்கு செம ஸ்பாட்" என்று முப்பது நொடி வீடியோ போட்டு, வேன் வேனாக ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறார்களே, அவர்களோடு சண்டை. அந்த வேனில் ஏறிப் போய் ஆளுக்கொரு கல்லைப் பையில் போட்டு வருகிறவர்களோடும் சண்டை. இதெல்லாம் நடப்பது தெரிந்தும் நிதானமாகக் கோப்பு நகர்த்துகிறவர்களோடு பெரிய சண்டை.

இடம் காரை. பெரம்பலூர் மாவட்டம், கொளக்காநத்தம் பக்கம். சென்னையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் சுமார் 270 கிலோமீட்டர் போய், பெரம்பலூர் பக்கம் உள்ளே திரும்ப வேண்டும். வயலும் பருத்திக் கொல்லையுமாகப் போய்க்கொண்டிருக்கும் பூமி திடீரென்று மாறும். மஞ்சளும் சாம்பலும் செம்பழுப்புமாக, மடிப்பு மடிப்பாக, மரம் செடி இல்லாத மண் மேடுகள். நடுவே வெயிலில் பளபளக்கும் வெள்ளைக் கோடுகள். அது கண்ணாடி இல்லை, ஜிப்சம். நானும் போன வருடம் பார்த்தேன். வாயைப் பிளந்தேன் என்பதை மறைக்கவில்லை. அழகான இடம்தான். சண்டையே அதனால்தான்.

வீடியோக்காரர்கள் சொல்லும் மூன்று பொய்கள்

பொய் ஒன்று: பாலைவனம். இல்லை சாமி. மழை பெய்யாத இடம் பாலைவனம். காரையைச் செதுக்கியதே மழை. அங்கே இருப்பது கெட்டிப் பாறை இல்லை, கடலடிக் களிமண் இறுகிய மென்பாறை. ஒவ்வொரு மழைக்கும் அது கரைந்து ஓடி ஓடை ஓடையாக வெட்டுப்படுகிறது. வேர் பிடிக்கும் முன்பே மண் நகர்ந்துவிடுவதால் செடி நிற்பதில்லை. இதற்குத்தான் நிலவியல்காரர்கள் 'பேட்லாண்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ராஜஸ்தான் மணல்மேட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பொய் இரண்டு: கிராண்ட் கேன்யன். ஒரு ஆறு பல லட்சம் வருடம் அறுத்த, ஒரு மைலுக்கு மேல் ஆழமான பள்ளத்தாக்கு அது. இங்கே பெரிய ஆறும் இல்லை, அந்த ஆழமும் இல்லை. அமெரிக்கப் பெயர் ஒட்டினால்தான் நம்ம ஊர் நமக்கு அழகாகத் தெரியும் என்றால், கோளாறு ஊரில் இல்லை.

பொய் மூன்று, இதுதான் பெரிசு: காரையில் டைனோசர் ஓடியது. காரை மண் படிந்த காலம், தோராயமாக 11 கோடியிலிருந்து 9 கோடி வருடங்களுக்கு முன். அப்போது அது கடல். கோண்டுவானா என்ற பெருநிலம் உடைந்து, இந்தியா அண்டார்டிகாவையும் ஆஸ்திரேலியாவையும் விட்டுப் பிரிந்து நகர்ந்தபோது, அந்தப் பிளவில் புகுந்த கடல். கடலடியில் டைனோசர் எப்படி ஓடும்? அங்கே கிடைப்பது சுருள் சுருளான அம்மோனைட், துப்பாக்கித் தோட்டா மாதிரி நீளமான பெலம்னைட், சிப்பிகள், சுறாப் பற்கள். மீன் உருவத்தில் கடலில் வாழ்ந்த இக்தியோசர் என்ற ஊர்வனவின் எலும்புகளும் இந்தப் பகுதியில் கிடைத்திருக்கின்றன. அது டைனோசர் இல்லை, வேறு குடும்பம்.

அப்படியானால் டைனோசர் எங்கே? கிழக்கே, அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில். காரைக் கடல் வற்றிப் பல கோடி வருடம் கழித்து, டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தில், ஆறு கொண்டுவந்து சேர்த்த மண் அது. நம் வீடியோக்காரர்கள் பல கோடி வருடங்களை ஒரே பின்னணி இசையில் கலக்கி அடித்துவிட்டார்கள்.

'இதிலென்ன இருக்கு, ரெண்டுமே பழசுதானே' என்கிறீர்களா? சோழர் கால வெண்கலத்தையும் நேற்று வாங்கிய பிளாஸ்டிக் பிள்ளையாரையும் 'ரெண்டுமே சாமிதானே' என்று ஒரே அட்டைப்பெட்டியில் போட்டுப் பூட்டுவீர்களா?

வேனுக்குள் நடந்த விவாதம்

நாங்கள் பன்னிரண்டு பேர், ஒரு டெம்போ டிராவலர். மயிலாப்பூர் லஸ் கார்னரில் ஆரம்பித்து, தி.நகரில் நாலு பேர், அடையாறில் மூன்று பேர் ஏற்றி, பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் பாதிப் பேர் தூங்கியாயிற்று. (பெருங்களத்தூரைத் தாண்டுவதே ஒரு புவியியல் காலகட்டம் என்பது வேறு விஷயம்.) காரையில் நாங்கள் இறங்கிய இடத்தில் வேலி இல்லை, காவல் இல்லை, 'இது என்ன இடம்' என்று சொல்ல ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. இறங்கிய பத்தாவது நிமிடத்தில் ஒருவன் கை நிறைய பெலம்னைட் துண்டுகளோடு வந்தான்.

"டேய், வச்சிட்டு வாடா."

"மச்சி, இங்க லட்சம் கெடக்கு. ஒண்ணு எடுத்தா என்ன ஆயிடும்?"

இந்த 'ஒண்ணு எடுத்தா என்ன' என்பது இந்திய தேசத்தின் எழுதப்படாத அரசியல் சாசனம். நானும் காமர்ஸ்காரன், அவனும் காமர்ஸ்காரன், அதனால் கணக்கிலேயே பேசினேன். சும்மா ஒரு உத்தேசக் கணக்கு: வேனுக்குப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு இரண்டு கல். வார இறுதிக்குப் பத்து வேன் என்று வை. 240 கல். வருடத்துக்கு 52 வாரம், 12,480 கல். அதுவும் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கியது. உடைந்த சில்லை யாரும் எடுத்துப் போவதில்லை. ஐந்து வருடத்தில் அங்கே மிஞ்சப்போவது சில்லும் தண்ணீர் பாட்டிலும்தான்.

அவன் விடவில்லை. "எப்படியும் மழையில கரைஞ்சு போறதுதானே, நான் காப்பாத்துறேன்னு வச்சுக்கயேன்."

இது நல்ல கேள்வி. நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஆமாம், மழை புதியதை வெளியே காட்டுகிறது, காட்டியதை உடைக்கவும் செய்கிறது. வெளியே வந்துவிட்ட படிவம் அப்படியே கிடந்தால் நொறுங்கித்தான் போகும். அதனால் 'யாரும் எதையும் தொடாதே' என்பது விடை ஆகாது. ஆனால் ஒரு புதைபடிவத்தின் மதிப்பு கல்லில் இல்லை. எந்த இடத்தில், எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற தகவலில் இருக்கிறது. அந்தத் தகவல் இல்லாமல் ஷோகேஸில் உட்கார்ந்திருக்கும் அம்மோனைட், வவுச்சர் இல்லாத என்ட்ரி. தொகை இருக்கும், எங்கிருந்து வந்தது என்று எந்த ஆடிட்டராலும் சொல்ல முடியாது. காப்பாற்றுகிறவன் படம் எடுப்பான், செல்போனிலேயே இடக்குறிப்பு எடுப்பான், கல்லூரியிலோ அருங்காட்சியகத்திலோ கொடுப்பான். சட்டைப் பையில் போடுகிறவனுக்குப் பெயர் வேறு.

இங்கிலாந்தில் டார்செட் கடற்கரை இப்படித்தான் கடல் அரித்து அரித்துப் படிவங்களைக் கொட்டும் இடம். 2001-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே பொறுக்குவதைத் தடை செய்யவில்லை, நெறிமுறை வைத்தார்கள். அறிவியல் முக்கியத்துவம் உள்ளது கிடைத்தால் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கரையில்தான் மேரி ஆன்னிங் என்ற ஏழைப் பெண் (1799-1847) படிவம் பொறுக்கி விற்றுக் குடும்பத்தை நடத்தினார். இக்தியோசரையும் பிளீசியோசரையும் உலகத்துக்குக் காட்டியதும் அவர்தான். எது எங்கே கிடைத்தது என்று அவருக்குத் தெரியும். பொறுக்கியவருக்கும் அறிவுக்கும் சண்டை இல்லை. பொறுக்கித் தொலைத்தவருக்கும் அறிவுக்கும்தான் சண்டை.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் வாக்குவாதத்தைக் கேட்டுச் சிரித்தார். "நாங்க சின்னப் புள்ளையில வெளயாடுறப்ப சங்கு சங்கா கெடக்கும் தம்பி. இப்ப தேடித்தான் பாக்கணும். வாரவங்க எல்லாம் பை கொண்டாந்துதானே வாராங்க." இதற்கு மேல் எனக்குப் புள்ளிவிவரம் வேண்டியிருக்கவில்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். மயிலாப்பூரில் எத்தனையோ வீட்டுப் பூஜையறையில் சாளக்கிராமம் இருக்கிறது. நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் கறுப்புக் கல். உடைத்தால் உள்ளே சக்கரம் மாதிரி சுருள். நிலவியல்படி அதுவும் அம்மோனைட்தான். அதற்குத் தினமும் திருமஞ்சனம், துளசி, நைவேத்தியம். தீட்டோடு தொடக்கூடாது. அதன் ஒன்றுவிட்ட தம்பி காரையில் கிடந்தால் மட்டும் கீ-செயின்! பக்தி வேண்டாம் ஐயா, மரியாதையாவது வேண்டாமா?

தொலைந்துபோன ராட்சதன்

'சரி, நாலு சிப்பி போனால் போகட்டும்' என்பவர்களுக்கு, நாம் ஏற்கெனவே எதைத் தொலைத்திருக்கிறோம் என்று சொல்கிறேன்.

இந்தப் பகுதி உலகத்துக்குத் தெரியாத இடம் இல்லை. 1840களிலேயே கேய், கன்லிஃப் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் இங்கே சேகரித்ததை லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து எழுதினார். ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளை வரைபடமாக்கி 1862-ல் வெளியிட்டார். ஸ்டோலிஸ்கா என்ற அறிஞர் இங்கே கிடைத்த உயிரினங்களைத் தொகுதி தொகுதியாக விவரித்தார். 1995 வரை இதெல்லாம் திருச்சி மாவட்டம் என்பதால், உலகத்துப் புத்தகங்களில் 'திருச்சினாப்பள்ளி', 'உட்டத்தூர்', 'அரியலூர்' என்ற பெயர்களிலேயே இந்தப் பாறை அடுக்குகள் இருக்கின்றன. ஐரோப்பாவில் நிலவியல் படிக்கிற பையனுக்கு அரியலூர் தெரியும். தி.நகரில் இருக்கிற நமக்கு அரியலூர் என்றால் 1956 ரயில் விபத்தும் சிமெண்டும்தான்.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர் கல்லமேட்டில் பிரம்மாண்டமான எலும்புகளைக் கண்டார்கள். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் பகுதி, வால் முள்ளெலும்பு, அப்புறம் ஒரு கீழ்க்கால் எலும்பு. அந்தக் கீழ்க்கால் எலும்பின் நீளம் மட்டும் 2 மீட்டர்! நம்ம ஆறடி ஆள் அதன் பக்கத்தில் நின்றால் எலும்புதான் உயரம். 1987-ல் அதற்கு 'புருஹத்காயோசரஸ் மேட்லேயி' என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடம்பு கொண்ட பல்லி என்று அர்த்தம். 1929-லேயே இந்தப் பகுதி டைனோசர்களைப் பற்றி எழுதிய மேட்லி என்பவரின் நினைவாக இரண்டாவது பெயர்.

பிறகு? எலும்புகள் இல்லை. அவை ஏற்கெனவே பலவீனமாக இருந்தன. ஈரம் குடித்த மண்ணிலிருந்து எடுத்து, பிளாஸ்டர் கட்டுப் போட்டும் நிற்கவில்லை. ஆய்வுக்கூடம் போய்ச் சேர்வதற்குள் பொடிந்துவிட்டன என்று 2017-ல் வந்த ஆய்வுக் கட்டுரை சொன்னது. கையில் எலும்பு இல்லாததால், 'அது எலும்பே இல்லை, கல்மரமாக இருக்கும்' என்றுகூட வெளிநாட்டில் சந்தேகப்பட்டார்கள். 2022-ல் பழைய புகைப்படங்கள் வெளியான பிறகுதான் சந்தேகம் குறைந்தது. 2023-ல் இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டு, இந்த மிருகம் 100 டன்னைத் தாண்டியிருக்கலாம், பெரிய திமிங்கிலங்களுக்கு இணையாக இருந்திருக்கலாம் என்று எழுதினார்கள். 'இருக்கலாம்'தான். உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய எலும்பு நம்மிடம் இல்லை.

பூமியில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியது எங்கள் அரியலூர்க்காரன் என்று சொல்லும் வாய்ப்பு நமக்கு இருந்தது. கல்லும் மண்ணும் தோன்றும் முன்பே தோன்றிய குடி என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். அந்தக் கல்லையும் மண்ணையும் காக்க ஒரு கூரை போட நமக்கு முடியவில்லை.

இதே கதை அர்ஜென்டினாவில் எப்படி நடந்தது பாருங்கள். ஒரு பண்ணைத் தொழிலாளி கண்ணில் எலும்பு பட்டது. அருங்காட்சியகத்துக்குச் சொன்னார். தோண்டினார்கள். 'பாட்டகோடைட்டன்' என்று 2017-ல் பெயர் வைத்தார்கள். அதன் 37 மீட்டர் மாதிரி எலும்புக்கூடு 2016-லிருந்து நியூயார்க் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 2023-ல் இன்னொரு மாதிரி லண்டனில் நின்று கூட்டத்தை இழுத்தது. நம்ம ராட்சதனுக்கு மிஞ்சியது சில புகைப்படங்களும் படங்களும்.

கல்லமேடு முடிந்துபோன கதை இல்லை என்பதுதான் முக்கியம். 2013-ல் அங்கே கிடைத்த ஒரே ஒரு சின்னப் பல்லை வைத்து, ட்ரூடான்டிட் என்ற டைனோசர் வகை இங்கேயும் இருந்தது என்று ஒரு ஆய்வுக் குழு அறிவித்தது. அதுவரை அந்த வகை வடக்குக் கண்டங்களில் மட்டுமே வாழ்ந்ததாக நினைத்திருந்தார்கள். ஒரே பல், உலகப் படமே மாறுகிறது. அந்தப் பல்லை உங்கள் நண்பன் போன வாரம் பர்ஸில் போட்டுக்கொண்டு வந்திருந்தால்?

இன்னொரு பக்கம் பாருங்கள். 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளம் வெட்டும்போது பெரிய உருண்டைக் கற்கள் வந்தன. 'டைனோசர் முட்டை' என்று ஒரே நாளில் ஊரெல்லாம் பரவியது. நிபுணர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை, கடல் படிவத்தில் உருண்ட கல் என்றார்கள். எது முட்டை, எது கல் என்று சொல்ல ஆள் பக்கத்திலேயே இருந்தால் வதந்திக்கும் வேலை இல்லை, இழப்புக்கும் வேலை இல்லை.

சிமெண்ட்காரர்களை மட்டும் திட்டினால் போதுமா?

போதாது. ஆனால் திட்டாமலும் விட முடியாது. அரியலூரைச் சுற்றி சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமெண்ட் ஆலைகள். அந்தச் சுண்ணாம்புக்கல் என்ன தெரியுமா? பெரும்பகுதி அதே பழைய கடலின் சிப்பிகள்தான். கல்லங்குறிச்சிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காக நெருக்கி நிற்கும். நீங்கள் அடையாறில் குடியிருக்கும் ஃப்ளாட்டின் சுவரிலும், தி.நகர் மேம்பாலத்தின் தூணிலும் அந்தக் கடல் கொஞ்சம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே 'சிமெண்ட் ஆலையை மூடு' என்று ஏசி அறையில் இருந்து எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த மாவட்டத்தில் எத்தனையோ பேருக்கு அதுதான் சோறு.

என் கேள்வி வேறு. பி.காம் முதல் வருடத்திலேயே 'தேய்ந்தழியும் சொத்து' என்று ஒன்று படிக்கிறோம். சுரங்கம், குவாரி, எண்ணெய்க் கிணறு. எடுக்க எடுக்கக் குறையும், திரும்ப வராது. அதனால் ஒவ்வொரு வருடமும் எடுத்த அளவுக்குத் தேய்மானம் காட்ட வேண்டும். 1889-ல் இங்கிலாந்தில் ஒரு பிரபலமான வழக்கு, லீ எதிர் நியூஷாடெல் அஸ்பால்ட் கம்பெனி. கம்பெனியின் சொத்தே ஒரு சுரங்க உரிமைதான். அது தேய்ந்துகொண்டே போகிறது, அதற்கு ஒதுக்கீடு செய்யாமல் லாபப் பங்கு கொடுக்கலாமா என்று ஒரு பங்குதாரர் வழக்குப் போட்டார். கொடுக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. சட்டப்படி சரி. ஆனால் அந்தக் கம்பெனிக்கு ஒரு நாள் கையில் ஒன்றும் இருக்காது என்பதும் சரி. நம்ம மாநிலம் அந்த நியூஷாடெல் கம்பெனி மாதிரி நடந்துகொள்கிறது. சுண்ணாம்புக்கல்லுக்கு ராயல்டி வருகிறது, வரவு வைக்கிறோம். அதோடு சேர்ந்து அரைபட்டுப் போகும் கடலின் வரலாறு எந்தப் பக்கத்திலும் பற்று ஆகவில்லை.

இதற்குப் பணம் இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். இரண்டு வழி எனக்கே தெரியும். ஒன்று, கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்பனையோ லாபமோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். ஏழாவது அட்டவணையில் தேசியப் பாரம்பரியத்தைப் பாதுகாப்பதும் ஒரு தலைப்பு. இரண்டு, 2015-ல் சுரங்கச் சட்டத் திருத்தத்தில் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளை. பழைய குத்தகைதாரர்கள் ராயல்டியில் 30 சதவீதமும், அந்தத் திருத்தத்துக்குப் பிறகு ஏலத்தில் எடுத்தவர்கள் 10 சதவீதமும் அதற்குத் தர வேண்டும். அந்தப் பணம் முதலில் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீருக்கும் மருத்துவத்துக்கும்தான் போக வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கல்வியும் அந்தப் பட்டியலில் உண்டு. தன் ஊர் பத்து கோடி வருடப் பழைய கடல் என்று காரைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்லித் தருவது கல்வி இல்லையா?

சட்டம் எங்கே?

நூறு வருடப் பழைய சிலையை விற்றால் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. பத்து கோடி வருடப் பழைய சிப்பிக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்று மத்திய சுரங்க அமைச்சகமே 2022 டிசம்பரில் ஒரு வரைவு மசோதாவைக் கருத்துக்கு விட்டது. 2023 போனது, 2024 போனது, சட்டம் வரவில்லை.

கொஞ்சம் அக்கறை காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அதே மாவட்டத்தில் சாட்சி இருக்கிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம். 1940-ல் நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டறிந்தது. பின்னாளில் அந்தத் துறையின் தலைமைக்கு வந்த முதல் இந்தியர் அவர். அந்த மரம் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, வேலி போட்டு, பூங்காவாக இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கும் மரம் இருக்கிறது. வேலி இல்லாத இடத்தில் அது எத்தனை வீட்டு வாசலில் துண்டு துண்டாக நின்றிருக்கும்! அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது. நல்ல விஷயம். எங்கள் வேனில் பன்னிரண்டு பேரில் பதினோரு பேருக்கு அது இருப்பதே தெரியாது. கிண்டி சிறுவர் பூங்காவில் இரண்டு கோடி வருடப் பழைய கல்மரத் துண்டு ஒன்று நிற்கிறதே, அதையே நாம் பாம்புப் பண்ணைக்குப் போகும் அவசரத்தில் தாண்டிப் போகிறவர்கள்தானே.

வெளியே பாருங்கள். குஜராத் ராய்யோலியில் 1980களின் தொடக்கத்தில் டைனோசர் எலும்பும் முட்டையும் கிடைத்தன. 2019-ல் அங்கே அருங்காட்சியகம் திறந்தார்கள். சீனாவில் ஸிகாங் ஊரில் எலும்பு கிடைத்த குழியின் மேலேயே அருங்காட்சியகம் கட்டி 1987-ல் திறந்தார்கள். அதே 1987-ல்தான் நாம் நம் ராட்சதனுக்குப் பெயர் வைத்தோம்! அவர்கள் கூரை கட்டினார்கள், நாம் பெயர் மட்டும் வைத்தோம். கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தில் காரை மாதிரியே, ஆனால் மிகப் பெரிய பேட்லாண்ட். 1979-லேயே யுனெஸ்கோ பட்டியல், டிரம்ஹெல்லர் ஊரில் 1985-ல் பெரிய அருங்காட்சியகம். அங்கே சட்டப்படி புதைபடிவம் மாகாணத்தின் சொத்து. அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தை நம்பியிருந்த ஊர் இன்றைக்கு டைனோசரை வைத்துப் பிழைக்கிறது. நிலக்கரி தீர்ந்தால் சுரங்கம் மூடிவிடும். காட்டிச் சம்பாதிப்பது தீராது. இது தேய்ந்தழியாத சொத்து.

சரி, என்னதான் செய்யணும்?

சும்மா திட்டிவிட்டுப் போவது எளிது என்பதால் என் பட்டியல்:

ஒன்று. காரையையும் கல்லமேட்டையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்க வேண்டும். அறிவித்த பிறகுதான் சுற்றுலா விளம்பரம். பூட்டு போடாமல் 'எங்க வீட்டுல நகை இருக்கு, வந்து பாருங்க' என்று போஸ்டர் ஒட்டுகிறவனை உலகம் என்னவென்று சொல்லும்?

இரண்டு. காவலும் வழிகாட்டலும் உள்ளூர் இளைஞர்களுக்கு. சென்னையிலிருந்து டெண்டர் எடுத்து வருகிறவருக்கு இல்லை. வேன் வந்தால் கட்டணம், கூடவே ஒரு வழிகாட்டி. சங்கு சங்காகக் கிடந்த காலம் தெரிந்த பெரியவரை விட நல்ல வழிகாட்டி யார்?

மூன்று. ஒவ்வொரு சுண்ணாம்புக்கல் குத்தகையிலும் ஒரு நிபந்தனை: புதிய முகம் வெட்டும்போது நிலவியல் தெரிந்தவர் ஒருவர் பார்க்க வேண்டும், முக்கியமானது கிடைத்தால் வாரணவாசிக்கு வர வேண்டும்.

நான்கு. தற்செயலாகக் கண்டவர் பதிவு செய்ய எளிய வழி. படம், இடம், தேதி. கொடுத்தவர் பெயர் அருங்காட்சியகச் சீட்டில் இருக்கட்டும். 'இதை நான் கண்டுபிடித்தேன்' என்று பேரனுக்குக் காட்ட, அலமாரியில் தூசி படியும் கல்லை விட அது பெரிய பெருமை.

'இதெல்லாம் வந்தால் ஃப்ரீயாப் போக முடியாதே' என்று ஒருவர் முனகுவது கேட்கிறது. ஆமாம், முடியாது. மாலுக்குப் போய் பார்க்கிங்குக்கு மட்டும் அறுபது ரூபாய் கொடுக்கிறோம். பத்து கோடி வருடத்துக்கு ஐம்பது ரூபாய் கொடுக்க வலிக்கிறதா?

அதெல்லாம் வரும் வரை, நீங்கள் போகிறவராக இருந்தால் ஒரே ஒரு விஷயம். போங்கள். தாராளமாகப் போங்கள், குழந்தைகளைக் கூட்டிப் போங்கள். சாத்தனூர் மரத்தைப் பாருங்கள், வாரணவாசியில் ஒரு மணி நேரம் செலவழியுங்கள், பிறகு காரையில் இறங்குங்கள். கையில் எடுத்துப் பாருங்கள், தடவிப் பாருங்கள், படம் பிடியுங்கள். கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

டிஸ்கி: அந்த பெலம்னைட் நண்பன் கடைசியில் என்ன செய்தான் என்று கேட்பீர்கள். மேல்மருவத்தூர் தாண்டும்வரை என்னோடு பேசவில்லை. ஆனால் கல் காரையில்தான் இருக்கிறது. :-)